அவர் வயிற்றில் குழலி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் ஜெபசீலி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், இவர் வயிறு எப்படி இருந்தது, தினமும் குறித்துவைத்துக் காட்ட வேண்டுமாம். இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

காலை இட்லி ஒன்று, அதிலும் பாதி. மதியம் ரசம் சாதம் நாலு வாய். இரவு கஞ்சி. வயிறு சொல்லும்படி இல்லை.

சாப்பாட்டுக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் மனசில் இருப்பதையும் எங்கேயாவது கொட்ட வேண்டுமே. டாக்டருக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். இது எனக்கு.

மாசி மாதம் நெஞ்சில் சளி கட்டி இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி ஊசியாகப் போட்டார்கள். சளி போயிற்று, வயிற்றுப்போக்கு வந்தது. மருந்து கொடுத்தால் நிற்கும், விட்டால் திரும்பும். இது மூன்றாவது தடவை. மின்வாரிய ஆபீசுக்குப் போட்டுப்போகும் சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரியே இவர் மேலும் தொங்குகிறது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

"அந்த மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுட்டும்மா. ஆளில்லாத வீட்டுல ரவுடி பூந்த மாதிரி ஒரு கிருமி பூந்துட்டு. இன்னொருத்தர் குடல்ல இருக்க நல்ல கிருமிகளை இவங்க குடலுக்கு மாத்தினா, அதுங்க ரவுடியை வெளியேத்திரும்."

"எப்படி டாக்டர் மாத்துவிய?"

ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை எடுத்து, வடிகட்டி, குழாய் வழியாக உள்ளே விடுவார்களாம். "சீ!" என்றுவிட்டேன். இவர் சுவரில் இருந்த குடல் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அருவருப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "என்னோடதை எடுத்துக்கிடுங்க டாக்டர்" என்றேன்.

போன மாதம் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டபோது ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். அதனால் நான் ஆகாதாம். இருபத்து நாலு வருஷம் இந்த மனுஷனுக்கு ஆக்கிப் போட்டவள் நான். நான் ஆகாது!

ஜூன் 5, வியாழன்

காலை கஞ்சி. மதியம் கஞ்சி. இரவு வேண்டாம் என்றார்.

இவர் தம்பிக்குச் சர்க்கரை. என் அண்ணனுக்கு அல்சர். யாரைக் கேட்பது, இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இவர் கட்டிலில் படுத்தபடியே, ரொம்ப நேரமாக வாயில் வைத்திருந்ததைத் துப்புகிற மாதிரி சொன்னார்.

"குழலிகிட்ட கேக்கலாம்லா?"

குழல்வாய்மொழி. இவருடைய அத்தை மகள். தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். முறைப்பெண் என்று சின்ன வயசிலேயே பேசிவைத்திருந்தார்கள். பிறகு ஏதோ நடந்து அது நின்றுபோய், நான் வந்தேன். என்ன நடந்தது என்று இவரிடம் நான் கேட்டதும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை. அவள் அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"கேளுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 9, திங்கள்

வந்துவிட்டாள். போன் வைத்த மறுநாளே லீவு சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். நாற்பத்தாறு வயசு. மூட்டுவலி இல்லை, சர்க்கரை இல்லை, ஒரு மாத்திரை கிடையாது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள்.

"அத்தான், இதுக்கா இம்புட்டு சங்கடப்பட்டிய? வேண்டாம்னு தூக்கிப் போடுததைக் குடுக்கதுக்கு எனக்கென்ன நஷ்டம்?" என்றாள். இவர் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அதை நான் வரவழைத்திருக்க வேண்டும்.

ரத்தம், மலம் எல்லாம் சோதிக்கக் கொடுத்திருக்கிறாள். ஏதாவது ஒன்றில் அவளும் ஆகாது என்று வரட்டும் என நினைத்தேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டில் தேங்காய் அரைத்த குழம்பை ஒதுக்கிவைத்தாள். "எனக்கு இந்தத் தேங்காயே ஒத்துக்கிடாதுக்கா. நாலு பாகக்காயை வதக்கிப் போட்டாப் போதும்" என்றாள். என் குழம்பை ஒதுக்கிய ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவர் இப்போது தூங்குகிறார். உள்ளே கோடிக்கணக்கில் குழலி.

ஜூன் 23, திங்கள்

காலை இட்லி மூன்று. மதியம் பருப்பு சாதம், மோர் சாதம். இரவு தோசை இரண்டு. வயிறு நன்றாக இருக்கிறது!

நெல்லையப்பர் கோவிலில் விளக்குப் போட்டேன். குழலியும் நல்லா இருக்கட்டும் என்று ஒரு விளக்கு. மனசாரத்தான் போட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது சொல்கிறார்: "சாயந்திரம் பாகக்கா கிடைச்சா வாங்கி வை வடிவு. வாய்க்கு வேணும்போல இருக்கு."

பாகற்காய்! கல்யாணமான நாளிலிருந்து அதை வீட்டுக்குள் விடாத மனுஷன். ஒரு தடவை பாகற்காய்ப் பிட்லை செய்தேன் என்று இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாங்கினேன், வதக்கினேன், வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் முறுக வதக்கியிருக்கலாம்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஐந்தரைக்கே எழுந்து வாய்க்கால் கரையோரம் நடக்கப் போய்விட்டார். வரும்போது கொய்யாக்காய் வாங்கி வந்து மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றார். யாருடைய பழக்கம் இது? தென்காசியில் அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். கொய்யாக்காயும் மிளகாய்த்தூளும் இல்லாமல் அவள் உட்கார மாட்டாள்.

தேங்காய்ச் சட்னியைத் தொடவில்லை.

சாயங்காலம் அவளிடமிருந்து போன். "அத்தான் நல்லா சாப்பிடுதாவளாக்கா?" என்று கேட்டாள். "உன் புண்ணியத்துல" என்றேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரிடம் காட்டப் போனோம். எடை ஏறியிருக்கிறது. இவர் வெளியே மருந்துச் சீட்டுக்குப் போன சமயத்தில் நான் மெதுவாகக் கேட்டேன். ஒருவருடைய கிருமி இன்னொருவருக்குப் போனால், அவருடைய ருசியும் சேர்ந்து போகுமா?

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "குடலுக்கும் மூளைக்கும் நேரா ஒரு நரம்பு ஓடுதும்மா. கிருமிங்க என்னென்னமோ ரசாயனத்தைச் சுரக்கும். பசிக்குதுன்னும் போதும்னும் நமக்குத் தோணுறதுல அதுங்களுக்கும் பங்கு இருக்கு. சிலதுக்குச் சீனி வேணும், சிலதுக்கு நார் வேணும். தனக்கு வேண்டியதை நம்மளைத் தேட வைக்குதோன்னு ஆராய்ச்சி நடக்கு. எலியில பாத்திருக்காங்க. மனுசங்களுக்கும் அப்படியேன்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. நோய் விட்ட வாய்க்கு ருசி மாறுறதும் சகஜந்தான்."

கடைசி இரண்டு வாக்கியத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"அதுங்க எத்தனை நாளைக்கு உள்ள இருக்கும் டாக்டர்?"

"இருக்கட்டும்னுதானம்மா விட்டிருக்கோம்! நம்ம சாப்பாடு மாறினா ரெண்டு மூணு நாள்லயே உள்ள இருக்கிறதும் கொஞ்சம் மாறும். ஆனா ஒண்ணு, என்னைக் கேக்காம எந்த ஆன்டிபயாடிக்கும் குடுத்திராதீங்க. உள்ள வந்த நல்லதெல்லாம் செத்துப்போயிரும். பொறவு முதல்ல இருந்து."

"சரி டாக்டர்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று எங்கள் கல்யாண நாள். சொதி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வரும்போது சொதிச் சாப்பாடுதான். தேங்காயைப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுத்து, காய்களைப் போட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். எங்கள் மறுவீட்டில் நான் வைத்த சொதியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் இவர். அன்றைக்குப் பிடித்த பிடிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டில் நான் ஊட்டி வளர்த்தது இவருடைய நாக்கை மட்டும்தான்.

இன்று ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வயித்துக்குக் கனமா இருக்கும்போல வடிவு. ரசம் இருக்கா?" என்றார்.

"அவளுக்குத்தான் தேங்கா ஆகாது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"எவளுக்கு?"

"உள்ள வச்சிருக்கியள்லா, அவளுக்கு!"

இவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "பைத்தியமாட்டி உனக்கு?" என்றார். ஆமாம், பைத்தியந்தான். சட்டியோடு தூக்கி வாசலில் கொட்டிவிடலாமா என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். அவர்கள் சொல்லி எனக்கென்ன?

ஜூலை 18, வெள்ளி

தொண்டை கரகரக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

இன்றும் கொடுத்தேன். தொண்டைவலிக்கு மாத்திரை கொடுப்பது உலகத்தில் யாரும் செய்யாத காரியமா? பல்லுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. வீணாகப் போக வேண்டாமே.

ஜூலை 20, ஞாயிறு

இன்றோடு மாத்திரை தீர்ந்தது. தொண்டை சரியாகிவிட்டது. நல்ல மாத்திரைதான்.

ஜூலை 22, செவ்வாய்

பாகற்காய் கேட்கவில்லை. நடக்கப் போகவில்லை. நானாகக் கேட்டேன், "பாகக்கா வாங்கட்டுமா?" என்று. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் தேங்காய்ச் சாதம் கிளறினேன். அதையும் வேண்டாம் என்றார். ஆபீஸில் வேலை அதிகம் போல.

ஜூலை 26, சனி

விடிந்ததிலிருந்து திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. பழைய நாற்றமே. அந்த நாற்றம் எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் நடுங்குகிறது. துடைத்துவிட்டேன், வேட்டி மாற்றிவிட்டேன். "உனக்குத்தான் கஷ்டம்" என்கிறார். என்னிடம் அதைச் சொல்லாதீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

என்னவோ செய்துவிட்டேன். நான் என்ன செய்துவிட்டேன்!

ஜூலை 28, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

டாக்டர் ஜெபசீலி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. நடுவுல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"தொண்டை வலிச்சது டாக்டர்" என்றார் இவர். "வீட்டுல இவ பல்லுக்கு வாங்கின மாத்திரை கிடந்துச்சு. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். இவ வேண்டாம்னுதான் சொன்னா."

டாக்டர் இவரைத் திட்டு திட்டென்று திட்டினார். படித்த ஆள் செய்கிற வேலையா, உயிரோடு விளையாடுகிறீர்களா என்று. இவர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் போனபிறகு நான் இவர் காலைப் பிடித்துக்கொண்டேன். மேலே பார்க்க முடியவில்லை.

"எப்பந் தெரியும் உங்களுக்கு?"

"மாத்திரை அட்டையை நான் பாக்க மாட்டேன்னு நெனச்சியா? மூணாவது நாள்தான் பாத்தேன். தின்னு தீந்துட்டு. இனி கேட்டு என்ன செய்யன்னு விட்டுட்டேன்." காலை மெல்ல இழுத்துக்கொண்டார். "திரும்பவும் மாத்தி வைக்கணுங்காவ. குழலிக்கு நீதான் போன் போடணும்."

இதைவிட அறைந்திருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் போட்டேன். நம்பரைத் தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். எடுத்துவிட்டாள்.

"குழலி, அத்தானுக்குத் திரும்ப வந்துட்டு. என்னாலதான் வந்துச்சு. மாத்திரை குடுத்துட்டேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்." வேகமாகச் சொல்லிவிட்டேன், நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று. "நீ வரணும்."

அவள் பக்கத்தில் பிள்ளைகள் விசில் ஊதி விளையாடுகிற சத்தம். திட்டு, திட்டித் தொலை என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருதேங்க்கா" என்றாள். அவ்வளவுதான். பெரிய மனுஷத்தனம் வேறு அவளுக்கு!

ஜூலை 31, வியாழன்

குழலிக்குத் திரும்பவும் எல்லாச் சோதனையும் எடுக்க வேண்டும். முடிவு வர ஒரு வாரம். அதுவரை வெளிச்சாப்பாடு கூடாதாம், வயிற்றில் எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று. "வீட்டுச் சாப்பாடு மட்டும் சாப்பிடட்டும்" என்றார் டாக்டர். தென்காசியில் அவளுக்கு ராத்திரிக்கு ஹோட்டல்தானாம். அதனால் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

வீட்டுச் சாப்பாடு என்றால் யார் சமையல்? என் சமையல்.

இதுவும், சாப்பாடு மாறினால் உள்ளே இருப்பதும் மாறும் என்று டாக்டர் முன்பு சொன்னதும், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில்தான் எனக்குச் சேர்ந்து உறைத்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நாலு தேங்காய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 2, சனி

இவர்: மருந்தில் கொஞ்சம் நின்றிருக்கிறது. கஞ்சி, மோர்.

அவள்: காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் அவியல், தேங்காய் அரைத்த இடிசாம்பார். இரவு ஆப்பம், தேங்காய்ப்பால்.

"யக்கா, எனக்குத் தேங்கா ஆகாதுன்னு சொன்னேம்லா" என்றாள். "ஒவ்வாமையா? சாப்பிட்டா என்ன செய்யும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யாது. பிடிக்காது, அம்புட்டுதான்" என்றாள். அப்படியானால் சாப்பிடலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு சண்டையும் இல்லாமல் இவ்வளவு நாள் ஒரு வீட்டில் இருக்கிறோம். அவள் காய் நறுக்கிக் கொடுக்கிறாள், வாசல் தெளிக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் கஞ்சி எடுத்துப்போகிறாள். அவள் திரும்பி வர நேரமானால் அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் என்ன பேசுகிறார்களோ என்று எனக்கு இன்னும் அடிவயிற்றில் காந்துகிறது. அது போகாது போல. என் குடலில் அதற்கும் ஒரு கிருமி இருக்குமோ என்னவோ.

இன்று கேட்டேவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் பேசி வச்சிருந்ததை யாரு வேண்டாம்னா?"

"நான்தான்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத்தான் எங்க வீட்டுக்கு வந்தா எங்கம்மை ஆக்கிப் போடுவா. இவங்க குனிஞ்ச தலை நிமிராம தின்னுட்டுப் போயிருவாவ. நல்லாருக்கு, நல்லால்ல, உப்பில்ல, ஒரு வார்த்தை கிடையாது. சோத்தைப் பாத்துகூட வாய் தொறக்காத மனுசன்கிட்ட ஆயுசு பூரா நான் என்னத்தைப் பேசதுக்கு? கல்யாணமே வேண்டாம்னு எனக்கு அப்பவே தோணிட்டு. அவங்ககிட்டயே சொல்லிட்டேன். சரின்னு போயிட்டாவ."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் நான் கண்ணுக்குள் வைத்துக் காத்த மனுஷனை, இவள் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தேங்காய்க் குழம்பை ஒதுக்கிய மாதிரி. என்ன குறை கண்டாள் இவரிடம்?

பிறகுதான் அவள் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. வாய் திறக்க மாட்டாரா? என்னிடம் புளி அதிகம், காரம் கம்மி, கடுகு கருகிவிட்டது, இன்னும் முறுகலாக இருக்கலாம் என்று ஒரு வேளை விடாமல் சொல்லுவாரே. பாகற்காய்க்கும் சொன்னாரே. நச்சு நச்சென்று ஏன் சொல்கிறார் என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

கீரையை நானே வாங்கி ஆய்ந்தேன். கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

சோதனை முடிவு வந்துவிட்டது. எல்லாம் சுத்தம். நாளை காலையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், மத்தியானம் இவருக்கு.

ராத்திரி குழலிக்கு இலை போட்டுச் சொதி ஊற்றினேன். பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி ஊற்றினேன். மறுபடியும் ஒன்று. அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"போதுங்க்கா. ஒரு வாரமா தேங்காயாத் தின்னு தின்னு எனக்கே இப்பம் லேசாப் பிடிச்சுப்போச்சு. இனிமே எடமில்ல வயித்துல."

"கையை எடு. உனக்கா ஊத்துதேன்?"

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டு, இலையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்துங்க" என்றாள். "நல்லா ஊத்துங்க."